முந்திச் சொன்ன ஓம்

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தொலைபேசியின் வயர். நடையில் இருந்த தொலைபேசியிலிருந்து அந்தச் சுருள் வயர் நேராகும்வரை இழுபட்டு, குசினியைக் கடந்து, உடுப்புத் தோய்க்கும் சிறிய அறைக்குள் கதவிடுக்கால் போயிருந்தது. எட்டிப் பார்த்தேன். மகள் வாஷிங் மெஷினில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்தாள்.

குசினியில் மனைவி கேத்திலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். கேத்தில் நிரம்பி வழிந்தும் குழாயைப் பூட்டவில்லை.

“கிடைச்சிட்டுதாம், இஞ்சேருங்கோ. தம்பி கதைக்கிறான். பிள்ளைக்குக் கிடைச்சிட்டுதாம்.”

“எது?”

“எதுவோ? அவன்ர இடந்தான். வேற எது?”

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு நவம்பர். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், பக்குரங்காவில் வாடகை வீடு. கொழும்பை விட்டு வந்து நாலாவது ஆண்டு. அங்கே நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். இங்கே ஒடாஹுஹுவில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். வட்டாரப் பத்திரிகை ஒன்றும் சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாள்களும் அங்கே அச்சாகின. மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. எங்களுக்கு ஒரே பிள்ளை. பள்ளியின் கடைசி வகுப்பான ஏழாம் ஃபோர்மில் இருந்தாள். அன்று அவளுக்குக் கணிதப் பரீட்சை.

தொலைபேசியில் இருந்தவர் மனைவியின் தம்பி. மகளுக்கு மாமா என்பதால் இங்கே நானும் அவரை மாமா என்றே சொல்கிறேன். படிக்கவென்று எழுபதுகளில் அமெரிக்காவுக்குப் போனவர், படித்த பல்கலைக்கழகத்திலேயே ஆய்வுகூடக் கருவிகளைத் திருத்தும் வேலையில் அமர்ந்துவிட்டார். நாட்டின் நடுப்பகுதியில், சோள வயல்களுக்கு இடையில் ஒரு ஊர். நாற்பத்தொரு வயது. கலியாணம் செய்யவில்லை. அந்த ஊரில் வேறு தமிழர் இருந்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

மகளை அங்கே அனுப்புவது அவருடைய யோசனைதான். எங்கள் பழக்கத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள், அல்லது போக இருந்தார்கள். பரீட்சையில் தேவையான புள்ளி எடுத்தால் இடம் கிடைக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எதைப் படிப்பது என்று முதல் நாளே சொல்லியாக வேண்டும். எங்கள் மகளிடம் அதற்குப் பதில் இல்லை. முந்தின ஆண்டு நவராத்திரிக்கு ஒரு வீட்டில் கூடியபோது, மலேசியாவிலிருந்து வந்த டாக்டர் அம்மா ஒருவர் அவள் தட்டில் சுண்டலைப் போட்டபடி, “நீ மெடிசின்தானேம்மா எடுக்கப் போற?” என்று கேட்டார். மகள், இன்னும் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “தெரியாதா? அதெப்படி தெரியாம போகும்?” என்று அவர் இன்னொரு கரண்டி போட்டார்.

அமெரிக்காவில் முதல் இரண்டு வருடம் தெரியாமலே இருக்கலாம் என்று மாமா எழுதியிருந்தார். அந்த ஒரு வரியை அவள் பிடித்துக்கொண்டாள். பொது நூலகத்துக்குப் போய்க் கல்லூரிகளின் கையேடுகளை எடுத்துப் பார்த்தாள். சிலவற்றுக்குக் கடிதம் எழுதி வரவழைத்தாள். ஆகஸ்ட் விடுமுறை முடிவதற்குள் அவள் விண்ணப்பிக்க விரும்பிய இடங்கள் ஒன்றல்ல, இரண்டாக இருந்தன. ஒன்று மாமாவின் பல்கலைக்கழகம். மற்றது கிழக்குக் கரையில், பெண்களுக்கான ஒரு சிறிய கல்லூரி. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அது முழுப் பண உதவி கொடுத்தது. அதன் கையேட்டை அவள் குளியலறைக்குள்ளும் கொண்டுபோனாள். ஒவ்வோர் அறையிலும் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, விளக்கு மட்டும் நீங்களே கொண்டுவர வேண்டும் என்பதை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு குளம் இருந்ததையும் படத்தில் காட்டினாள்.

இரண்டுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு ஞாயிறு மத்தியானம் சோற்றுக் கோப்பைகளுக்கு நடுவில் விளக்கினாள். மாமாவின் பல்கலைக்கழகத்து முறைக்குப் பெயர் ரோலிங். விண்ணப்பம் வந்த வரிசையில் பார்ப்பார்கள், பார்த்த வரிசையில் பதில் சொல்வார்கள். இடம் முடியும்வரை.

“பந்தி மாதிரி” என்றாள் மனைவி. “வந்த வந்த ஆக்கள் இருக்கலாம், இலை முடியுமட்டும்.”

“ஓம், அப்படித்தான்.”

“மற்றது?”

மற்றது ஏர்லி. ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும், எல்லோருக்கும் முந்தி, நவம்பர் தொடக்கத்துக்குள் போய்ச் சேர வேண்டும். டிசம்பர் நடுவில் பதில் அனுப்புவார்கள். முந்திக் கேட்கும் சலுகைக்கு ஒரு விலை உண்டு: இடம் தந்தால் கட்டாயம் வருவேன், மற்ற விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் திரும்பப் பெறுவேன் என்று முன்னதாகவே கையெழுத்து வைக்க வேண்டும். பிள்ளை, பெற்றோர், பள்ளிக்கூடம், மூன்று தரப்பும்.

மனைவி கையை நீட்டி எலுமிச்சை ஊறுகாயை எடுத்தாள். “சாதகம் பாக்க முந்தியே தாலியைக் குடுத்துவிடுறதோ?”

“அம்மா, இது கொலிஜ். மாப்பிள்ளை இல்லை.”

“மாப்பிள்ளை எண்டாலும் வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுப்போட்டுத்தான் கேப்பான்.”

விதிகளை என்னிடம் தந்தாள். பென்சிலுடன் இரண்டு முறை வாசித்தேன். வேறு எந்தக் கல்லூரிக்கும் ஏர்லி போடக்கூடாது. ரோலிங் போடலாம், தடையில்லை. ஏர்லி கிடைத்தால் ரோலிங்கை விட வேண்டும். கிடைக்காவிட்டால் ரோலிங் கையில் இருக்கும். ரோலிங்காரர் முதலில் இடம் தந்தாலும் மே மாதத் தொடக்கம்வரை பதில் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துப் போடுவதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. சுத்தமான ஏற்பாடு. செப்டம்பரில் ரோலிங்கை அனுப்பு, அக்டோபரில் ஏர்லியை அனுப்பு, பிறகு பரீட்சையைப் படி.

ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. அதை மகள் கேட்டாள்.

“மாமாவுக்கு மற்றதைப் பற்றிச் சொல்லவோ?”

மனைவி கோப்பைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். “இப்ப ஏன் சொல்லுவான்? அது கிடைக்கிற விசயமோ? உலகம் முழுக்கப் போடுவினம். கிடைக்காட்டி அவன் சும்மா மனம் நொந்ததுதான் மிச்சம்.”

“கிடைச்சால்?”

“கிடைச்சால் பாப்பம்.”

அவள் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். தன் தம்பிக்கு ஒரு துணை. மேசையில் எதிரே இருந்து சாப்பிட ஒரு ஆள். காய்ச்சல் வந்தால் மகளை அவன் பார்ப்பான், அவனை மகள் பார்ப்பாள். அவளுடைய மனக்கணக்கில் கிழக்குக் கரைக் கல்லூரி இல்லவே இல்லை. ஆனாலும் கையெழுத்து வைக்கும் நாளில் வைத்தாள். பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

பள்ளிக்கூடத்தின் சார்பில் கையெழுத்து வைக்க வேண்டியவர் ஏழாம் ஃபோர்முக்குப் பொறுப்பான ஆசிரியை. கம்பளிச் சட்டைக் கையில் ஒரு கைக்குட்டையைச் செருகி வைத்திருந்தார். அப்படியொரு தாளை அவர் முன்பு கண்டதில்லை. இங்கே பரீட்சை முடிவு ஜனவரியில்தான் வரும், அமெரிக்கர்கள் அக்டோபரிலேயே கேட்கிறார்கள், இல்லாத புள்ளியை எப்படிக் கொடுப்பது என்று சிரித்தார். என்ன எடுப்பாள் என்று தான் நினைப்பதை எழுதிக் கொடுத்தார். பிறகு உறுதிமொழியை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் மகளைப் பார்த்தார். “பதினேழு வயதில் நான் நூறு தரம் மனம் மாறினேன். நீ மாறமாட்டாயா?” என்று கேட்டார்.

“மாட்டேன்” என்றாள் மகள். அவர் கையெழுத்து வைத்தார்.

இவ்வளவும் முடிந்து சில வாரங்களில்தான் அந்தக் காலைத் தொலைபேசி.

மாமா சேர்க்கை அலுவலகத்தை விட்டுவைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. அதே வளவுக்குள் வேலை. தேநீர் நேரத்தில் நடந்து போய், நியூசிலாந்திலிருந்து ஒரு பிள்ளையின் விண்ணப்பம் வந்ததா என்று கேட்பார். வந்தது. பார்த்தாயிற்றா என்று கேட்பார். இல்லை. மறுநாளும் போவார். கடைசியில் அங்கிருந்த பெண்மணி, கடிதம் இன்றைக்குத் தபாலில் போகிறது, நல்ல செய்திதான் என்று சொல்லியிருக்கிறார். மாமா அந்த இடத்திலேயே ஓம் என்றுவிட்டார். வருவாள் என்று சொல்லி, இடத்தை உறுதிசெய்யும் தாளை வாங்கி, காப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, கட்ட வேண்டியதையும் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் எங்களை எழுப்பினார்.

ரிசீவர் என் கைக்கு வந்தபோது அவர் வழமைபோலக் கத்தினார். கடலைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று எப்போதும் கத்தித்தான் கதைப்பார்.

“அத்தான், அலுவல் முடிஞ்சுது! ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“மே மட்டும் நேரம் இருக்கே?”

“இருக்கு, இருக்கு. அவள் மனிசியும் அதைத்தான் சொன்னவ. அது வெள்ளைக்காரருக்கு. ஓம் எண்டு சொன்ன ஆக்களை ஆறு மாசம் காக்க வைக்கிறதோ? என்ன நினைப்பினம்?”

என்ன நினைப்பார்கள் என்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வீட்டார் சம்மதம் என்று சொல்லியனுப்பினால் அன்றைக்கே பதில் போக வேண்டும். பொழுதுபட்டால் கதை வரும்: அவையள் வேற இடமும் பாக்கினம். கலியாணப் பேச்சில் மட்டுமல்ல, வீடு வாடகைக்கு எடுத்தபோதும் நாங்கள் அப்படித்தான் நடந்தோம். முதலில் பார்த்த வீட்டுக்காரர் தரலாம் என்றதும், அடுத்த தெருவில் பார்க்க இருந்த வீட்டைப் பார்க்காமலே விட்டோம். அந்த வீட்டில் கூடுதலாக ஓர் அறை இருந்தது.

மாமா யாரையும் கேட்காமல் செய்ததில் வியப்பில்லை. நாங்கள் வேறு இடமும் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

மகள் எழுந்து வந்து வயரைச் சுற்றி வைத்தாள். “மாமா ஓம் எண்டுட்டார்” என்றாள். பாண் துண்டு ஒன்றில் பட்டர் பூசினாள். மனைவி அவள் நெற்றியில் திருநீறு பூசி, தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். அந்த அணைப்புக்குள் இருந்தே மகள் பாணைச் சாப்பிட்டு முடித்தாள்.

பரீட்சைக்குக் காரில் கொண்டுபோனேன். பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நின்றன.

“அது கிடைக்காட்டி ஒரு பிரச்சினையும் இல்லை, அப்பா” என்றாள்.

“கிடைச்சால்?”

நேரம் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

அதன் பிறகு மாமா ஞாயிறுதோறும் அழைத்தார். அதுவரை மாதம் ஒருமுறை அழைப்பவர். அறைக்கு மஞ்சள் நிறம் அடித்தாயிற்று. தலையணை மெதுவா, கனமா? பிள்ளை மோர் குடிக்குமா? ஒருநாள் மேசை பற்றிய செய்தி வந்தது. பல்கலைக்கழகத்தில் கழித்த தளபாடங்களை விற்கும் இடத்தில் ஒரு பழைய மேசை, ஓக் மரம், ஆசிரியர் மேசை. மேலே மையும் கீறலும். அதைச் சுரண்டி வார்னிஷ் அடிக்கப் போகிறார். ஆனால் உயரம் கூட. காலை அறுக்க வேண்டும். எவ்வளவு அறுப்பது?

“பிள்ளையை நாற்காலியில இருத்தி, நிலத்திலயிருந்து முழங்கைமட்டும் அளந்து சொல்லு அக்கா. செருப்போட வேண்டாம்.”

மனைவி சட்டை தைக்க வைத்திருந்த நாடாவை எடுத்து வந்தாள். மகள் சாப்பாட்டு நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கையை மடித்து, சுவரைப் பார்த்து இருந்தாள்.

“நீ எப்ப இப்படி நேரா இருந்து படிச்சனீ? வழமைபோலக் கூனி இரு. இல்லாட்டி மேசை பிழைச்சுப்போம்.”

மகள் கொஞ்சம் கூனினாள். மனைவி முழந்தாளிட்டு அளந்தாள். அளவைச் சொல்லத் தொலைபேசிக்குப் போனவள், நாற்காலியில் குஷன் இருந்தது ஞாபகம் வந்து, திரும்பி வந்து குஷனை எடுத்துவிட்டு மறுபடி அளந்தாள். மகள் அப்போதும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். மனைவி நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை மனைவியிடம், “இப்பவாவது தம்பிக்குச் சொல்லுவம்” என்றேன்.

“நீங்கள் சும்மா இருங்கோ. இன்னும் மூண்டு கிழமை. இல்லை எண்டு வந்தால் எல்லாம் சரி.”

அவள் அந்த மூன்று வாரமும் சாமிப் படத்துக்கு முன்னால் என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை. மகளும் அதே படத்துக்கு முன்னால் நின்றாள்.

கடிதம் கிறிஸ்மஸ் முடிந்த வாரத்தில் வந்தது. அச்சகம் கோடை விடுமுறைக்கு மூடியிருந்ததால் வீட்டில் நின்றேன். தபால்பெட்டியடிக்குப் போன மனைவி, புல்லில் செருப்பில்லாமல் நின்று உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்து அது எந்த ஊர்க் கடிதம் என்று தெரிந்துகொண்டேன். தடிப்பும் இல்லை, மெல்லிசும் இல்லை. வெளியிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாத உறை.

மகள் பிளாசா என்ற கடைத்தொகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் கோடைக்கால வேலை செய்தாள். ஐந்து மணிக்குத்தான் முடியும். பின்னேரம்வரை பொறுப்பது என்று முடிவு செய்தோம். அரை மணி நேரத்தில் மனைவி சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

“பாண் முடிஞ்சுது” என்றாள்.

பாண் முடியவில்லை. காரை எடுத்தேன்.

மகளின் கவுண்டரில் வரிசை நீளமாக இருந்தது. பக்கத்துக் கவுண்டரில் ஒருவரும் இல்லை. அங்கிருந்த பையன் கையைக் காட்டி அழைத்தான். மனைவி தலையை ஆட்டி மறுத்துவிட்டு நீள வரிசையில் நின்றாள். கையில் ஒரு பாண், பாணுக்குக் கீழே உறை. நான் அவளுக்குப் பின்னால். எங்களுக்குப் பின்னால் பெரிய பூப்போட்ட சட்டையில் ஒரு சமோவப் பெண்மணி, தள்ளுவண்டி நிறையக் கோழியும் சோடாப் போத்தல்களும்.

எங்கள் முறை வந்தது. மகள் பாணைத் தூக்கினாள். உறையைக் கண்டாள்.

“அம்மா, வேலையில நிக்கிறன்.”

“ஓம். பாணுக்குக் காசு எவ்வளவு?”

மகள் காசைச் சொல்லவில்லை. உறையை எடுத்து, தன் ஏப்ரனில் கையைத் துடைத்து, ஓரத்தைக் கிழித்தாள். ஒரு தாளைத்தான் எடுத்தாள். முதல் வரிக்கு மேல் அவள் கண் போகவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. வாசிப்பவர்களின் கண்ணைப் பார்ப்பது என் தொழிலில் பழக்கம். தாளை மடித்தாள். தாயைப் பார்த்தாள். அந்த முகத்தில் மகிழ்ச்சி வந்ததையும், வந்த வேகத்தில் அதை அவள் உள்ளிழுத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

பின்னால் நின்ற சமோவப் பெண்மணி, “நல்ல செய்தியா, டியர்?” என்று கேட்டார்.

“ஓம்” என்றாள் மகள். தமிழில் சொன்னது அவளுக்கே தெரியவில்லை.

அந்தப் பெண்மணிக்கு விளங்கியது. கைதட்டினார். பக்கத்துக் கவுண்டர் பையனும் காரணம் தெரியாமல் தட்டினான். மனைவி பாணை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “வடிவாச் சாப்பிட்டியோ மத்தியானம்?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். காரை நிறுத்திய பிறகு, மனைவி இறங்காமல் இருந்து கேட்டாள்.

“அந்தக் கொலிஜுக்கு எழுதிக் கேளுங்கோவன். வேண்டாம், வேற இடம் சரிவந்திட்டுது எண்டு.”

“கையெழுத்து வைச்சிருக்கிறம்.”

“அவன் சொன்ன சொல்லுக்குக் கையெழுத்து இல்லையோ?”

“இருக்கு. அது அவன்ர கையெழுத்து. பிள்ளையின்ர இல்லை.”

“நீங்கள் பேப்பர்க்காரர் மாதிரிக் கதைக்கிறியள்.”

“நான் பேப்பர்க்காரன்தானே.”

“அவன் மேசைக் காலை அறுத்துப்போட்டானே” என்றாள். பிறகு அழுதாள். நான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

மகள் வேலை முடிந்து வந்து, கால் கழுவி, குசினி மேசையில் இருந்தாள். வழமையாக நாங்கள் தமிழில் கேட்பதற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்பவள் அன்று தமிழில் தொடங்கினாள். சொற்களுக்கு இடையில் இடைவெளி விட்டாள்.

“அம்மா. நான் அங்க போக விரும்புறன். மாமா வேண்டாம் எண்டு இல்லை.”

“அங்க ஆர் இருக்கினம் உனக்கு?”

“ஒருத்தரும் இல்லை.”

“காய்ச்சல் வந்தால்?”

“வந்தால் படுப்பன்.”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததில் அவளுக்கே கோபம். “படுப்பாவாம். சுடுதண்ணி வைக்கத் தெரியாது, படுப்பாவாம்.” கொஞ்சநேரம் கழித்து, “உனக்கு அந்தக் குளம்தான் பிடிச்சுக்கொண்டுது” என்றாள்.

“குளமும்தான்.”

யார் மாமாவிடம் சொல்வது என்பது அடுத்தது. முறைப்படி நான் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பெரியவன், அத்தான். ஒரு கடிதமாக எழுதலாம் என்றேன். நல்ல வசனங்கள் இரண்டு மூன்று மனதில் இருந்தன. மகள் வேண்டாம் என்றாள். “நான்தான் மாமாவுக்குச் சொல்லவேணும்.” மனைவி மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்த் தம்பியின் எண்ணைத் தானே சுற்றினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை மகளிடம் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

இந்தத் தடவை மகள் வயரை இழுத்துக்கொண்டு அந்தச் சிறிய அறைக்குப் போகவில்லை. நடையிலேயே நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு இடத்துக்கும் போட்டிருந்ததை, அதற்கு முந்தியே கையெழுத்து வைத்ததை, கிடைத்தால் போவதாகச் சொன்னதை, கிடைத்ததை. “நாங்கள் உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும், மாமா” என்றாள். “நாங்கள்” என்றாள். தாயைப் பார்க்கவில்லை.

எப்போதும் நடை முழுவதும் கேட்கும் மாமாவின் குரல் கேட்கவில்லை. அவர் கதைத்தாரா, இல்லையா என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. மனைவி என் கையைப் பிடித்தாள். மகள் இடைக்கிடை “ஓம்” என்றாள். “ஓம், மாமா.” “இல்லை, தூரந்தான்.” “ஓம், குளிர்தான்.” பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, குரல் வெளியே வரத் தொடங்கியது. கடைசியில் பழையபடி கத்தினார்.

“கார் ஓடினால் ரெண்டு நாள்! ரெண்டு நாள்தான்!”

“ஓம், மாமா.”

“பிள்ளை, அங்கத்தைய அறையில மேசை இருக்கோ?”

மகள் சுவரில் விரலால் ஏதோ கீறிக்கொண்டிருந்தாள். விரல் நின்றது.

“இல்லை, மாமா” என்றாள். “மேசை இல்லை. நாங்கள்தான் கொண்டுபோகவேணும்.”

“பாத்தியோ! எனக்குத் தெரியும். உவங்கள் எப்பவும் இப்படித்தான்!”

மாமா மறுநாளே சேர்க்கை அலுவலகத்துக்குப் போனார். அடுத்த ஞாயிறு அந்தக் கதையைச் சொன்னார். மூன்று முறை மனப்பாடம் செய்துகொண்டு போனாராம். அந்தப் பெண்மணி கேட்டுவிட்டு, பரவாயில்லை, பாதிப் பிள்ளைகள் இப்படித்தான், அதற்காகத்தான் மே மாதம்வரை நேரம் தருகிறோம் என்றாராம்.

“அவ ஒண்டும் நினைக்கேல்லை, அக்கா. எனக்கு டோனட் வேற தந்தவ. நான்தான் கலியாணம் குழம்பின வீட்டுக்காரன் மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு போய் நிண்டனான்.”

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மஞ்சள் அறையை என்ன செய்யப் போறாய்?” என்று கேட்டாள். “லீவுக்கு வருவாள்தானே” என்றார் அவர்.

மகள் ஆகஸ்டில் போனாள். மாமா இரண்டு நாள் கார் ஓடி அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். காரின் மேலே கம்பளி சுற்றிக் கயிறு கட்டிய மேசை. அக்டோபரில் ஒரு புகைப்படம் அனுப்பினாள். ஜன்னலுக்கு வெளியே குளம் பாதி தெரிந்தது. உள்ளே இரண்டு கட்டில்கள், இரண்டு நாற்காலிகள், மூன்று மேசைகள்.